கொறடா இல்லாத அறை

2012 மே 8 அன்று, சுகாதாரம் மற்றும் குடும்ப நலத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் 59ஆவது அறிக்கையை அவையில் வைத்தது. இந்தியாவில் புதிய மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதே அதன் பொருள். குழு செய்தது மிக எளிய வேலை. அனுமதி பெற்ற மருந்துகளில் 42ஐக் குறிவைக்காமல் பொறுக்கியெடுத்து, அவற்றின் கோப்புகளைக் கொண்டுவரச் சொன்னது. மூன்று மருந்துகளின் கோப்புகள் காணவில்லை என்று பதில் வந்தது. கிடைத்த 39இல் 11 மருந்துகளுக்கு, விதிப்படி கட்டாயமான மூன்றாம் கட்டச் சோதனை நடக்கவே இல்லை. 13 மருந்துகளுக்கு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா ஆகிய எந்த இடத்திலும் விற்பனை அனுமதி இல்லை.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் நிறுத்திவைத்தவை இந்த எண்கள் அல்ல, நிபுணர் கடிதங்கள் பற்றிய பக்கங்கள்தாம். ஒரு மருந்தை அனுமதிக்கலாமா என்று வெவ்வேறு ஊர்களில் உள்ள மருத்துவப் பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் உண்டு. அப்படி வந்த கடிதங்களைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்த குழு, பல நூறு கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் மருத்துவர்கள் ஒரே சொற்களில், ஒரே வாக்கிய வரிசையில் எழுதியிருப்பதைக் கண்டது. கடிதங்களைத் தயாரித்தவர்கள் மருந்து நிறுவனத்தாராகத்தான் இருக்கவேண்டும், நிபுணர்கள் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு அது வந்தது. அதை மழுப்பாமல் அறிக்கையில் எழுதியும் வைத்தது.

இதே கோப்புகளை நானோ நீங்களோ தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருந்தால், வணிக ரகசியம் என்ற விதிவிலக்கைக் காட்டி மறுத்திருக்க முடியும். ஓர் உறுப்பினர் அவையில் கேள்வியாகக் கேட்டிருந்தால், விதிகளின்படியே அனுமதி வழங்கப்படுகிறது என்று எழுத்துப்பூர்வமான பதில் வந்திருக்கும். கேள்வி நேரத்தில் கூச்சல் எழுந்திருந்தால் அதுவும் வந்திருக்காது. ஆவணங்களையும் ஆட்களையும் வரவழைக்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தின் குறைகளைப் பற்றி எத்தனை சொன்னாலும், அரசு அலுவலகத்தின் பூட்டிய அலமாரியைத் திறக்கச் சொல்லக்கூடிய இந்த ஓர் இடம் அதற்குள் இருப்பதை மறந்துவிட்டுப் பேச என்னால் முடிவதில்லை.

மத்திய அரசின் ஒவ்வொரு துறையையும் கண்காணிக்க 1993இல் 17 நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. 2004இல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருப்பார்கள். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. வரவுசெலவுத் திட்டம் தாக்கலானபின் அவைகள் இடைவேளைக்குக் கலையும் நாள்களில், துறைவாரியான மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் பட்டியல்களை, வரிவரியாகப் பார்ப்பவர்கள் இவர்கள்தாம். மக்களவையில் பெரும்பாலான துறைகளின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் ஒட்டுமொத்தமாக வாக்குக்கு விடப்பட்டு நிறைவேறுகின்றன என்பதால், பல துறைகளின் செலவை ஒரு மக்கள் பிரதிநிதி முழுதாகப் படித்துப் பார்க்கும் ஒரே இடமும் இதுவே.

குழு அறையின் தன்மையைப் புரிந்துகொள்ள 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்தை நினைவில் கொள்ளவேண்டும். அவையில் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம் என்ற நிலையை அந்தச் சட்டம் உண்டாக்கியது. விலைபோகும் உறுப்பினர்களைத் தடுக்க வந்த சட்டம், சிந்திக்கும் உறுப்பினர்களையும் சேர்த்தே கட்டிப்போட்டது. அதன்பிறகு ஒரு மசோதாவைப் பற்றி ஓர் உறுப்பினர் என்ன நினைக்கிறார் என்பதற்கு அவையில் அதிகப் பொருள் இல்லை. அவருடைய கட்சி என்ன நினைக்கிறது என்று தெரிந்தால் போதும். குழு அறையில் கொறடா உத்தரவு செல்லாது. படக்கருவி இல்லை, பார்வையாளர் மாடம் இல்லை, நாளைய செய்தியில் வரப்போகும் முழக்கம் இல்லை. எதிரே ஒரு துறைச் செயலர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேள்வி கேட்கத் துறையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அவையில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தவர்களே இங்கே வந்ததும் வேறு ஆளாக மாறிவிடுவதுண்டு என்று பல கட்சிகளைச் சேர்ந்த மூத்த உறுப்பினர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூடிய கதவு ஜனநாயகத்துக்கு ஆகாது என்பதே என் பொதுவான எண்ணம் என்றாலும், இந்த ஒரு கதவு மூடியிருப்பதில் நன்மை அதிகம் என்று நினைக்கிறேன்.

59ஆவது அறிக்கைக்குப் பின் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் குழுவின் வேலை எந்த வேகத்தில் பலன் தரும் என்பது அதில்தான் தெரிகிறது. மத்திய அனுமதி இல்லாமலேயே மாநில உரிம அதிகாரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை ஒன்றாகச் சேர்த்துத் தயாரிக்கும் பல கூட்டுமருந்துகளுக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்திருப்பதைக் குழு சுட்டிக்காட்டியிருந்தது. அதன் தொடர்ச்சியாக, அத்தகைய மருந்துகளின் பாதுகாப்பையும் பயனையும் நிறுவ வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்குக் கெடு விதிக்கப்பட்டது. வந்த ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்க்கப் பேராசிரியர் கோகட்டே தலைமையில் 2014இல் ஒரு நிபுணர் குழு அமைந்தது. 2016 மார்ச்சில் 344 கூட்டுமருந்துகளுக்குத் தடை வந்தது. நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அங்கே தடை ரத்தானது. உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் மறு ஆய்வுக்கு வழிசெய்தது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை விதிக்கப்பட்டது. அறிக்கைக்கும் அந்தத் தடைக்கும் நடுவே ஆறு ஆண்டுகள் ஓடின, ஓர் ஆட்சியும் மாறியது.

அதே அறிக்கையின் வேறு பகுதிகள் எங்கும் போய்ச் சேரவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டை மாற்றியமைக்க 2013இல் வந்த திருத்த மசோதா 2016இல் திரும்பப் பெறப்பட்டது. 1940ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்ற செய்தியைப் படித்தபோது, ஒழுங்குமுறை அமைப்புகளின் முதல் கடமை தொழில்துறையின் வளர்ச்சியா, மருந்தை உட்கொள்பவரின் பாதுகாப்பா என்று 13 ஆண்டுகளுக்கு முன் அந்தக் குழு கேட்டிருந்ததுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்த அறிக்கை நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், ‘பாத்’ என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைச் செலுத்தும் ஆய்வைத் தொடங்கியது. ஏழு சிறுமிகள் இறந்ததை அடுத்து, 2010இல் அது நிறுத்தப்பட்டது. நிலைக்குழுவின் 72ஆவது அறிக்கை 2013 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆந்திரத்தின் ஒப்புதல் படிவங்களில் 9,543ஐப் பார்த்தபோது 1,948இல் கைநாட்டு இருந்தது. 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பழங்குடி மாணவியர் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுமிக்காக அவளுடைய பெற்றோரைக் கேட்காமல் காப்பாளர் ஒப்புக்கொடுத்தார் என்பதை, இறப்புகளின் காரணத்தைவிட முக்கியமான கேள்வியாகக் குழு எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு குறிப்பு தேவை. அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணைகள் கூறின. பாம்புக்கடி, நீரில் மூழ்குதல் போன்றவையும் காரணங்களில் அடக்கம். எச்பிவி தடுப்பூசி உலகின் பல நாடுகளில் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பாகப் பயன்படுகிறது. ஆனால் இந்த அறிக்கையை எடுத்துத் தடுப்பூசிக்கே எதிரான பரப்புரைக்குப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அறிக்கையின் சில பத்திகளின் காரமான தொனியும் அதற்கு இடம்கொடுத்தது என்பேன். அறிவியலைக் கையாளும்போது நம் குழுக்களுக்குத் துணையாக நிரந்தர ஆய்வாளர்கள் இல்லாத குறை அந்தப் பத்திகளில் தெரிகிறது.

இதே ஆய்வு பற்றிய பொதுநல வழக்கில், மனுதாரர்கள் 72ஆவது அறிக்கையை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். நாடாளுமன்றத்தின் உள்விவகாரமான ஒரு குழு அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாமா என்ற கேள்வி எழுந்து, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 2018 மே 9 அன்று, கல்பனா மேத்தா வழக்கில் அமர்வு தீர்ப்பளித்தது: நிலைக்குழு அறிக்கையை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டலாம், நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம், ஆனால் அறிக்கை செல்லாது என்று எவரும் வழக்காட முடியாது. யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் பரிந்துரைகள் என்று அமைச்சகங்கள் ஒதுக்கிவந்த காகிதங்களுக்கு, ஒரு குடிமகன் நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்லக்கூடிய மதிப்பு வந்தது. நம் நாடாளுமன்ற வரலாற்றில் அதிகம் பேசப்படாத பெரிய மாற்றங்களில் இதையும் ஒன்றாக வைக்கவேண்டும்.

மூன்றாவது, 2016 மார்ச்சில் வந்த 92ஆவது அறிக்கை. அது இந்திய மருத்துவக் கவுன்சிலைப் பற்றியது. அந்தக் கவுன்சிலின் தலைவர் 2010இல் லஞ்ச வழக்கில் கைதானதும், அது கலைக்கப்பட்டதும், பிறகு பழைய வடிவிலேயே உயிர்பெற்று வந்ததும் ஊரறிந்த கதை. தனியார் கல்லூரிகளில் இடங்கள் விலைபேசப்படுவதையும், மருத்துவர்களைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பை மருத்துவர்களே நிரப்பியிருப்பதையும் குழு கடுமையான சொற்களில் பதிவுசெய்தது. இரண்டே மாதங்களில், 2016 மே 2 அன்று, மாடர்ன் டென்டல் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அறிக்கையைச் சுட்டி, முன்னாள் தலைமை நீதிபதி ஆர். எம். லோதா தலைமையில் கவுன்சிலுக்கு மேல் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தது. கவுன்சில் 2018இல் கலைந்தது. 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்துக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 92ஆவது அறிக்கையில் வேறொரு பக்கமும் முக்கியம். நாடு முழுவதற்கும் ஒரே மருத்துவ நுழைவுத் தேர்வை அந்தக் குழு பரிந்துரைத்தது உண்மை. விலகியிருக்க விரும்பும் மாநிலங்களை விட்டுவிட்டு அதைக் கொண்டுவர வேண்டும், பின்னாளில் அவை சேர விரும்பினால் அதற்கு வழி இருக்கவேண்டும் என்று அதே பரிந்துரையில் சேர்த்து எழுதியதும் உண்மை. முதற்பாதி நடைமுறைக்கு வந்தது, பிற்பாதி காணாமல் போனது. மே மாத அவசரச் சட்டத்துக்குப் பின், நீட் தேர்வுக்குச் சட்ட அடித்தளம் தரும் திருத்த மசோதா ஜூலையில் அறிமுகமாகி, எந்தக் குழுவுக்கும் போகாமல் அதே மழைக்காலக் கூட்டத்தொடரில் நிறைவேறியது. நீட் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இங்கே நடத்திய எண்ணற்ற தொலைக்காட்சி விவாதங்களில், எல்லாக் கட்சியினரும் உட்கார்ந்த ஒரு குழு இரு தரப்புக்கும் இடம்கொடுக்கும் வழியொன்றை எழுதிவைத்திருந்தது என்பது போதிய அளவுக்குப் பேசப்படவில்லை.

மசோதா குழுவுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே துறையில் சான்று இருக்கிறது. 2017 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணைய மசோதா அறிமுகமானபோது, மாற்று மருத்துவம் படித்தவர்கள் ஓர் இணைப்புப் படிப்பை முடித்து அலோபதி மருந்துகளை எழுதலாம் என்ற பிரிவு அதில் இருந்தது. மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. 2018 மார்ச்சில் வந்த 109ஆவது அறிக்கை, இணைப்புப் படிப்பைக் கட்டாயமாக்கக் கூடாது, உரிமத்துக்கெனத் தனித்தேர்வு வைக்காமல் இறுதியாண்டுத் தேர்வோடு அதை இணைக்கவேண்டும், தனியார் கல்லூரிகளில் கட்டண ஒழுங்குமுறைக்கு உட்படும் இடங்களின் பங்கை உயர்த்தவேண்டும் என்றது. அந்த மாத இறுதிக்குள் அமைச்சரவை இணைப்புப் படிப்பை நீக்கியது, தேர்வை இணைத்தது, கட்டண ஒழுங்குமுறைக்கான பங்கை 40 விழுக்காட்டிலிருந்து 50 ஆக்கியது. தெருவில் நின்றவர்களின் குரல் சட்டத்தின் பிரிவுகளாக மாற மூன்று மாதங்கள் போதுமாயிருந்தன. 2019இல் புதிய மக்களவையில் திரும்பவந்த மசோதா குழுவுக்குப் போகவில்லை என்றாலும், இந்த மாற்றங்கள் அதில் தங்கின.

இனிக் கசப்பான பக்கம். 15ஆவது மக்களவைக் காலத்தில் மசோதாக்களில் ஏறத்தாழ 71 விழுக்காடு குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 16ஆவது மக்களவையில் அது கால்பங்கு அளவுக்கு இறங்கியது. 17ஆவதில் 16 விழுக்காடு. வேளாண் சட்டங்களை 2020 செப்டம்பரில் மாநிலங்களவை எடுத்துக்கொண்டபோது, திருச்சி சிவா உள்ளிட்டோர் அவற்றை ஆராய்வதற்கென்றே அமைக்கப்படும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோரினார்கள். குரல் வாக்கெடுப்பில் அது தள்ளப்பட்டது. அடுத்த ஓராண்டுக்கு மேல் தில்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவை ஒரு கூட்டுக்குழு இரண்டு ஆண்டுகள் அலசியபின் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023இல் புதிதாக எழுதிக் குழு இல்லாமலே நிறைவேற்றியது.

குழுவுக்குப் போவதே போதும் என்றும் சொல்லமுடியாது. 2ஜி அலைக்கற்றை பற்றி, அரசின் செலவுக் கணக்குகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவின் வரைவு அறிக்கை 2011 ஏப்ரலில் பட்ட பாடு நினைவிருக்கும்: தலைவர் முரளி மனோகர் ஜோஷி வெளியேற, ஆளும் தரப்பினர் தமக்குள் வேறொருவரைத் தலைவராக்கி வரைவை நிராகரித்தார்கள். வக்ஃபு மசோதாவுக்கான கூட்டுக்குழுவில் 2025 ஜனவரியில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பத்துப் பேர் ஒரு நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுடைய மாறுபட்ட கருத்துக் குறிப்புகளில் சில பகுதிகள் முதலில் நீக்கப்பட்டுப் பின்னர் சேர்க்கப்பட்டன. தலைமை அமைச்சரின் மானமோ கட்சியின் அடித்தளமோ தொடுபடும்போது குழு அறைக்குள்ளும் கொறடா நுழைந்துவிடுகிறார். மருந்துக் கோப்புகளையும் மருத்துவக் கவுன்சிலையும் பற்றிய குழுக்கள் நன்றாக வேலைசெய்ததற்கு, அந்த விஷயங்களில் எந்தக் கட்சிக்கும் பெரிதாக இழக்க ஒன்றுமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அமைப்பிலேயே உள்ள குறைகளும் உண்டு. குழுவின் ஆயுள் ஓராண்டு. ஒரு துறையின் நெளிவுசுளிவு பிடிபடும் நேரத்தில் உறுப்பினர் மாற்றப்படலாம். வருகைப் பதிவு பெரும்பாலும் பாதியளவில் நிற்கிறது. அரசு மூன்று மாதங்களுக்குள் பதில் தரவேண்டும். அந்தப் பதிலை வைத்து வரும் நடவடிக்கை அறிக்கைகளில் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லால் ஆண்டுக்கணக்கான உழைப்பு முடிந்துபோவதைப் பார்க்கலாம். ஆனாலும் இந்தக் கேள்வி–பதில்–மறுகேள்வி வடிவம் எனக்குப் பிடிக்கும். அரசு எதை ஏற்றது, எதை மறுத்தது, எதற்குப் பதிலே சொல்லவில்லை என்பதை அரசின் சொற்களிலேயே வரிசைப்படுத்தித் தரும் ஆவணம் வேறு இல்லை.

தில்லியைப் பார்த்து இவ்வளவு எழுதிவிட்டு நம் சட்டமன்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 1970களின் தொடக்கத்தில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைமை வகித்த இரா. செழியனைத் தந்த மாநிலம் இது. அந்தப் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுக்கும் மரபு நாடாளுமன்றத்தில் 1967முதல் தொடர்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2021க்குப் பின் அது ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிக்குப் போனது. பொதுக் கணக்கு, மதிப்பீடு, பொது நிறுவனங்கள், உறுதிமொழி ஆகியவற்றுக்குக் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் துறைவாரியாக மசோதாக்களைப் படித்துச் சாட்சியம் கேட்கும் குழு இல்லை. பக்கத்திலுள்ள கேரளத்தில் 1980முதல் பொருள்வாரிக் குழுக்கள் இயங்குகின்றன. இங்கே தெரிவுக்குழுவுக்கு அனுப்ப விதியில் இடமுண்டு, அது பயன்படுவது அரிது.

2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்ட வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள், தொழிற்சங்கத் தலைவர்களோடு பேசியபின், சட்டத்தை நிறுத்திவைப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. சங்கங்களை அழைத்துப் பேசிய அந்தக் கூட்டம் மசோதா நிறைவேறுவதற்கு முன், சட்டமன்ற உறுப்பினர்களின் முன்னிலையில், பதிவேட்டோடு நடந்திருக்க வேண்டியது. அப்படி நடக்காததால், தொழில்முனைவோர் தரப்பு என்ன கேட்டது, தொழிலாளர் துறை என்ன குறிப்பு எழுதியது, பெண் தொழிலாளர்களின் போக்குவரத்தைப் பற்றி யாராவது கேட்டார்களா என்பவற்றையெல்லாம் இன்று தேடிப்பார்க்க நமக்கு ஒரு பக்கம்கூட இல்லை.